பூத்தராசில் நிறுத்த நான்கு நன்சாக்குகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். அதிகாலை மூன்று மணிக்குப் போனால் பதினொன்றுக்கெல்லாம் என் வேலை முடிந்துவிடும். அப்புறம் ஒரு தூக்கம். சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பை வளர்த்துக்கொண்டிருந்தவன், போன வருடம் கே.புதூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு வயது 36. கூடப் படிப்பவர்களில் மூத்தவனுக்கு 14. மாஸ்டருக்கே 27தான். அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "மாஸ்டர்" என்பேன், பொடியன்கள் எல்லோருக்கும் நான் "அங்கிள்".

மஞ்சள் பெல்ட் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தபோது மாஸ்டர் சொன்னார்: "அண்ணே, அடுத்த மாசம் நன்சாக் ஆரம்பிக்கிறோம். ஒன்னு வாங்கிட்டு வந்துருங்க." இரண்டு குட்டைக் கட்டைகளை நடுவில் சங்கிலியாலோ கயிற்றாலோ இணைத்த ஆயுதம்தான் நன்சாக். எந்த மாதிரி என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும். எட்டு மாதத்தில் நான்கு ஆகிவிட்டது. நான்கையும் எங்கள் கடையின் எலக்ட்ரானிக் தராசில் வைத்து நிறுத்திருக்கிறேன். முகூர்த்த நாளில் மல்லிகை ஐம்பது கிராம் குறைந்தாலே சட்டையைப் பிடிப்பார்கள் என்பதால் அந்தத் தராசை நம்பலாம். முதலாளி பார்த்துவிட்டு, "என்னப்பா, இது கிலோ என்ன விலை?" என்றார்.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல். ஜப்பானிய உச்சரிப்பு நுன்சாக்கு. டவுன்ஹால் ரோட்டுப் பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில் போய் அப்படிக் கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நன்சாக், நஞ்சக், புரூஸ் லீ கட்டை, இந்த மூன்றில் எதைச் சொன்னாலும் எடுத்துப் போடுவார்கள். எனக்கு நன்சாக்தான் வாயில் வருகிறது.

முதலில் வாங்கியது ஸ்டீல். 650 ரூபாய். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருந்தது. உள்ளே கூடான இரண்டு குழாய்கள், பிடிக்கும் இடத்தில் கறுப்பு ரப்பர் வளையங்கள், நடுவில் சங்கிலி, சங்கிலியின் இரு முனையிலும் பால் பேரிங். கடைக்காரர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுண்டிவிட்டார். விர்ரென்று ஒரு சத்தம். எனக்குத் தெரிந்து அந்தச் சத்தத்துக்குத்தான் 650 கொடுத்தேன்.

தராசில் 412 கிராம். மார்க்கெட்டில் அரைக் கிலோவுக்குக் குறைவான எதையும் நாங்கள் எடை என்றே மதிப்பதில்லை. ஆனால் 412 கிராமில் பாதி ஒரு சங்கிலி முனையில் சுற்றி வந்து முழங்கை மொழியில் இறங்கும்போது அது வேறு கணக்கு. முதல் நாள் முழங்கை. இரண்டாம் நாள் முழங்கால். மூன்றாம் நாள் காதுக்குப் பின்னால். நான்காம் நாள் பட்ட இடத்தை இங்கே எழுத முடியாது. காதில் பட்ட வீக்கத்துக்குப் பூக்கூடை இடித்துவிட்டது என்று வீட்டில் ஒரு கதை சொன்னேன். வீட்டுக்காரி நம்பியது போலக் காட்டிக்கொண்டாள்.

வலியை விட மோசமானது வழுக்கல். சித்திரை மாதத்தில் மதுரையில் சாயங்காலம் ஐந்தரைக்கும் உள்ளங்கை காயாது. ரப்பர் வளையம் இருக்கும் இடத்தில் பிடித்தால் பரவாயில்லை. ஆனால் நன்சாக்கில் பிடி ஒரே இடத்தில் நிற்காது. தோளுக்கு மேலே போய் அக்குளுக்குக் கீழே பிடிக்கும்போது வெறும் உலோகம்தான் கைக்கு வரும். ஈரக்கையில் அது சோப்புக்கட்டி.

பத்தாம் நாள் மொட்டைமாடியில் எட்டு போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு என்றால் காற்றில் எட்டு எழுதுவது போலச் சுழற்றுவது, எல்லோரும் முதலில் பழகுவது அதுதான். சட்டென்று கை லேசாகிவிட்டது. பார்த்தால் ஒரு குழாயும் சங்கிலியும்தான் என்னிடம். மற்றக் குழாய் அடுத்த வீட்டு மாடியில், வேட்டி விரித்துக் கூழ்வத்தல் ஊற்றியிருந்த இடத்தில், நான்கு வத்தலைத் தூள் செய்துவிட்டுக் கிடந்தது. பால் பேரிங் உள்ள மூடி குழாய்க்குள் மரை போட்டு முறுக்கி நிற்கிறது. சுற்றச் சுற்ற அந்த மரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. "ஏந் தம்பி, வத்தல் காயப்போட்டா காக்கா வரும்னுதான் காவலுக்கு உக்காந்திருந்தேன், கம்பில வருது" என்றார் அந்த அக்கா. நல்லவேளை, அவர் உட்கார்ந்திருந்தது மறு ஓரத்தில்.

கடையில் திருப்பிக் கொண்டுபோனேன். மரையில் பசை தடவி முறுக்கிக் கொடுத்து, "இனிமே கழலாது சார்" என்றார்கள். கழலவில்லைதான். ஆனால் அதைச் சுழற்றும்போது என் கவனம் கையில் இல்லை, மரையில் இருக்கிறது. வகுப்புக்குக் கொண்டுபோனபோது மாஸ்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது ஸ்டேஜ்ல டெமோ காட்டுறவங்க வச்சிருக்கிறது. உங்கள யாரு இத வாங்கச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை, மாஸ்டர். அதுதானே பிரச்சினை.

எது வாங்குவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது பதினொரு வயதுப் பச்சை பெல்ட் ஒருவன். "அங்கிள், ஃபோம் வாங்குங்க. நானே அதுலதான் ஆரம்பிச்சேன்." அவனுக்குப் பதினொன்று, எனக்கு முப்பத்தாறு. 'நானே' என்ற அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் இணையத்தில் 240 ரூபாய்க்கு ஒரு ஃபோம் நன்சாக் வாங்கினேன். 165 கிராம். உள்ளே பிளாஸ்டிக் குழாய், மேலே பஞ்சு மாதிரி ஃபோம், நடுவில் நைலான் கயிறு.

ஃபோமைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். என் கை அசைவைத் திருத்தியது அதுதான். அடி விழுமோ என்ற பயம் போனதும்தான் தோள் இறங்கியது, மணிக்கட்டு தளர்ந்தது. ஸ்டீலை வைத்துக்கொண்டு ஒரு மாதம் கையைக் கட்டையாக இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை. தோளுக்கு மேலே போட்டு முதுகுப் பக்கம் மறு கையால் பிடிப்பது, அக்குளில் இடுக்கி நிறுத்துவது, கை மாற்றுவது, இந்த மூன்றும் ஃபோமில்தான் எனக்கு வந்தன.

ஆனால் எட்டு வாரத்துக்கு மேல் அதிலேயே இருந்தால் கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது. 165 கிராமுக்கு வேகமே போதாது, நாமே தள்ள வேண்டியிருக்கிறது. நன்சாக் என்பது தள்ளுவதல்ல, விட்டுப் பிடிப்பது. கட்டை தன் கனத்தில் சுற்றி வந்து எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே திரும்பும்; நாம் அதற்கு வழிவிட வேண்டும். எதிலாவது பட்டால் மரக்கட்டை துள்ளித் திரும்பும், அந்தத் துள்ளலையும் சேர்த்துத்தான் அடுத்த அசைவு. ஃபோம் பட்ட இடத்திலேயே சோர்ந்து விழுந்துவிடும். தப்பாகச் சுற்றினாலும் ஒன்றும் சொல்லாது.

பிள்ளைகளுக்கு வாங்கப்போகும் பெற்றோர் கடையில் நின்றபடியே இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, கட்டையின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மலிவான சரக்கில் நுனியில் ஃபோம் மெல்லியதாக இருக்கும், உள்ளே குழாயின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். அடி விழுவது பெரும்பாலும் அந்த நுனியால்தான். அப்படியென்றால் அது ஃபோம் போட்ட ஸ்டீல். இரண்டு, ஒரு கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு மற்றதைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். முடிச்சு குழாயை விட்டு உருவி வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்று, ஃபோம் வியர்வையைக் குடிக்கும். வாரம் ஒருமுறை அலசி நிழலில் காயப்போடாவிட்டால் மூன்றாம் வாரம் பையைத் திறக்க முடியாது.

ஸ்டீல் என்றதும் நான் மயங்கியதற்குக் காரணம் சிறு வயதில் டிவியில் பார்த்த புரூஸ் லீதான். அவர் இறந்தது 1973இல், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு. இன்றைக்கும் இந்தக் கட்டைக்கு அவர்தான் விளம்பரம். அவருக்கே இதை அறிமுகப்படுத்தியவர் டான் இனோசாண்டோ என்கிற பிலிப்பைன்ஸ் வம்சாவளி அமெரிக்கர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரியும். கட்டையின் பூர்வீகம் ஜப்பானின் ஒகினாவா தீவு. நெற்கதிர் அடிக்கும் கருவியிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி, குதிரைக் கடிவாளத்திலிருந்து என்று இன்னொரு கட்சி, ராக்காவல்காரர்கள் தட்டிக்கொண்டு போன கட்டை என்று மூன்றாவது கட்சி. யானை கட்டிப் போரடித்ததாகப் பெருமை பேசும் ஊர்க்காரனுக்கு முதல் கதைதான் பிடிக்கிறது.

கராத்தேயும் இதுவும் ஒன்றல்ல. ஆயுதப் பயிற்சிக்கு ஒகினாவாக்காரர்கள் கொபுடோ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். நீளக்கம்பான போ, மூன்று முனை உள்ள சாய், பக்கவாட்டில் பிடி வைத்த தொன்ஃபா, அரிவாளான காமா, கூடவே இது. உலகக் கராத்தே கூட்டமைப்பின் போட்டிகளில் கத்தாவும் (தனியாகச் செய்துகாட்டும் அசைவு வரிசை) குமித்தேயும் (இருவர் மோதுவது) மட்டும்தான், நன்சாக் சுற்றியதற்குப் புள்ளி கிடையாது. பிள்ளைக்கு மெடல் வரும் என்று வாங்கிக்கொடுப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

அலங்காநல்லூரில் என் தாய்மாமா சின்ன வயதில் சிலம்பம் ஆடியவர். நான் ஃபோம் நன்சாக்கைச் சுற்றிக் காட்டியபோது பொறுமையாகப் பார்த்துவிட்டு, "கம்ப ரெண்டா ஒடிச்சு நடுவுல கயித்தக் கட்டுனா அது ஒரு ஆயுதமாடா மாப்ள?" என்றார். கையில் வாங்கினார், ஒரு சுற்று, இரண்டாவது சுற்றில் அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்தது. ஃபோம் என்பதால் கண்ணாடியும் மூக்கும் பிழைத்தன.

மூன்றாவது, மரம், சங்கிலி வைத்தது. முதல் கடையிலேயே 420 ரூபாய். 318 கிராம். எண்பட்டைக் கட்டை. உருண்டையாக இருப்பதை விட எண்பட்டை கையில் நன்றாக நிற்கும், ஆனால் பட்டையின் விளிம்பு பட்டால் கூடுதலாக வலிக்கும். இதில் எனக்கு மூன்று மனக்குறை.

முதல் குறை வார்னிஷ். கண்ணாடி மாதிரி கனமாகப் பூசியிருந்தார்கள், ஸ்டீலின் தம்பி. உப்புத்தாள் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்து எடுத்தேன். இரண்டாவது, வார்னிஷ் போனதும் கட்டைகள் இரண்டும் இரண்டு நிறமாக இருந்தன. சந்தேகம் வந்து சங்கிலியைக் கழற்றித் தனித்தனியாக நிறுத்தேன். ஒன்று 121 கிராம், மற்றது 134. வேறு வேறு மரம், அல்லது ஒரே மரத்தின் வேறு வேறு பாகம். பதின்மூன்று கிராம்தானே என்று நினைக்கலாம். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியதும் தாளம் மாறிவிடுகிறது. தராசில் நிறுப்பதற்கு முன்பே என் கை அதைச் சொல்லிக்கொண்டிருந்தது, நான்தான் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது குறை நீளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை.

கடையில் உள்ள கட்டைகள் எல்லாம் பன்னிரண்டு அங்குலம். ஆறாவது படிக்கும் பையனுக்கும் அதே, ஆறடி ஆளுக்கும் அதே. ஆனால் ஒகினாவா வழக்கப்படி கட்டையின் நீளம் அவரவர் முன்கை அளவு, முழங்கையிலிருந்து உள்ளங்கையின் நடு வரை. மாஸ்டர் இதைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூக்கார அம்மாக்கள் காலங்காலமாகச் செய்வது இதுதானே! முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். ஒவ்வொருவர் முழமும் ஒவ்வொரு நீளம், அதனால்தான் கை நீளமான அம்மாவிடம் கூட்டம் அதிகம். கடையில் விற்கும் பன்னிரண்டு அங்குலம் என்பது யாரோ ஒருவருடைய கை. என் கைக்குப் பதினொன்றரை. அந்த அரை அங்குலம்தான் அக்குளில் இடுக்கும்போது ஒவ்வொரு முறையும் விலாவைக் குத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் உள்ள சின்னப் பையன்களுக்கு அளந்து பார்த்தோம், ஒன்பதும் பத்தும் வந்தது.

நடுவில் உள்ள சங்கிலிக்கும் கயிற்றுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளங்கையை விரித்து அதன் குறுக்கே கயிற்றைப் போட்டால், இரண்டு பக்கமும் கட்டைகள் நேராகத் தொங்க வேண்டும். அதாவது உள்ளங்கை அகலம், பெரியவர்களுக்கு நான்கு அங்குலம் போல வரும். இந்த மரக்கட்டையில் சங்கிலி ஆறு அங்குலம் இருந்தது. சங்கிலி நீண்டால் வேகம் கூடும், ஆனால் கட்டை எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை. குட்டையாக இருந்தால் விரல் நடுவில் மாட்டி நசுங்கும். சைக்கிள் கடையில் கொடுத்து வளையங்களை எடுத்திருக்கலாம். அதற்குள் எனக்கு வேறு யோசனை வந்துவிட்டது.

செல்லூர் வழியாக வரும்போது கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடையும் ஒரு கடைசல் பட்டறையைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு பெரியவர், வயது எழுபது இருக்கும். பதினொன்றரை அங்குல நீளம், கீழே 28 மில்லிமீட்டர் கனம், மேலே கயிறு கட்டும் முனையில் 24, என்று ஒரு தாளில் வரைந்து கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஜோடி பூரிக்கட்டையா?" என்றார். விளக்கிச் சொன்னேன். "சண்டைக்கா?" என்றார். "இல்லைங்கய்யா, பழகுறதுக்கு." "பழகுறது எதுக்கு?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் மரம் பொறுக்கப் போய்விட்டார்.

எனக்குக் கருங்காலியில் ஆசை. வலுவான மரம், கறுப்பு நிறம், பார்க்கவும் கம்பீரம். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "கழுத்துல மாலை போடுற மோகம் வந்ததுல இருந்து கருங்காலி, தங்கம் ஆகிப்போச்சு. அதுவும் போக கனம். மண்டையில பட்டா நீ எந்திரிக்க மாட்ட. வேம்பு போதும்." ஒரே வேப்பந்துண்டிலிருந்து நீளவாக்கில் அடுத்தடுத்து இரண்டையும் எடுத்தார், எடை ஒத்துவரும் என்று. ரேகை நேராக ஓடும் பக்கமாகப் பார்த்து எடுத்தார், குறுக்கே ஓடினால் அடிபட்டதும் பிளக்கும் என்று. கடைசல் இயந்திரத்தில் ஏற்றி உளியை வைத்ததும் அந்தக் கசப்பு வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

துளை போடுவதில்தான் தகராறு. தலையில் நடுவே நேர்க்குத்தாக ஒரு துளை, அதைச் சந்திக்கும்படி பக்கவாட்டில் குறுக்கே ஒரு துளை. கயிறு பக்கத்தில் நுழைந்து தலை வழியாக வெளியே வரும், முடிச்சு உள்ளே ஒளிந்துகொள்ளும். முதல் கட்டையில் டிரில் சற்றுச் சாய்ந்து, விளிம்பில் கீறல் விழுந்துவிட்டது. நான் பரவாயில்லை என்றேன். பெரியவர் அதை அடுப்பு விறகு இருக்கும் பக்கம் எறிந்துவிட்டு வேறு கடைந்தார். காசு கேட்கவில்லை. மொத்தம் 350 வாங்கினார், இரண்டு கட்டைக்கு. லின்சீட் ஆயில் தேய்க்கச் சொன்னார், வார்னிஷ் பக்கமே போகாதே என்றார். இது உப்புத்தாளோடு போராடிய ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு தெரிந்திருக்கக்கூடாதா?

தராசில் ஒன்று 137, மற்றது 139. முதல் துண்டு விறகாகிப் போனபிறகும் இரண்டு கிராம்தான் வித்தியாசம். கயிறோடு சேர்த்து 284.

இனி கயிறு. நன்சாக் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கட்டையைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான். ஆனால் இருபது வருடமாகப் பூக்கட்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். பூ எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் நார் அறுந்தால் தரையில்தான். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியாக இருந்தாலும் அதே கதிதான். வாழைநாரை நனைத்துக் கட்டினால்தான் நிற்கும், காய்ந்த நார் விரலிலேயே ஒடியும். கயிற்றுக்கும் இதே போல ஒரு குணம் இருக்கிறது.

முதலில் மூட்டை கட்டும் நைலான் கயிற்றைப் போட்டேன், மார்க்கெட்டில் சும்மா கிடைப்பது. அது முறுக்குக் கயிறு. நன்சாக் ஒரே பக்கமாகச் சுற்றச் சுற்ற ஒரு பக்கம் முறுக்கேறி, மறு பக்கம் பிரிந்து, பத்து நிமிடத்தில் பாம்பு மாதிரி நெளிந்தது. அடுத்துப் பருத்திக் கயிறு. கைக்கு மெத்தென்று இருந்தது, ஆனால் மரத் துளையின் விளிம்பில் உரசி ஒரு வாரத்தில் பஞ்சு பஞ்சாக வந்துவிட்டது. கடைசியில் கயிற்றுக்கடையில் நாலு மில்லிமீட்டர் பின்னல் நைலான் கயிறு. பின்னிய கயிறு முறுக்கேறாது. ஒரு மீட்டர் 15 ரூபாய், இரண்டு தடவை கட்டலாம். முனைகளைத் தீக்குச்சியால் சுட்டு உருக்கிவிட்டேன், பிரியாமல் இருக்கும். துளைகளின் விளிம்பை உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டு வழவழப்பாக்கினேன். இதைச் செய்யாமல் எந்தக் கயிறு போட்டாலும் அறுக்கும்.

முடிச்சு என் மனைவி போட்டது. நான் போட்டது இரண்டு முறை உருவி வந்ததைப் பார்த்துவிட்டு, "தள்ளுங்க" என்றாள். பூக்கட்டி வளர்ந்த கை. அவள் போட்ட முடிச்சு நாலு மாதமாக அசையவில்லை. கயிற்றை ஒருமுறை மாற்றினோம். அதுவும் அறுந்ததால் அல்ல, துளைக்குப் பக்கத்தில் லேசாக மயிர் கிளம்பியிருந்ததால். வகுப்புக்கு முன்னால் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லி மாஸ்டர் இப்போது எல்லோருக்கும் சொல்கிறார். சங்கிலி வைத்திருப்பவர்கள் மரையை முறுக்கிப் பார்க்க வேண்டும். பத்து வினாடி வேலை.

சங்கிலியா, கயிறா என்று வகுப்பில் தினமும் சண்டை. பால் பேரிங் சங்கிலி தடையில்லாமல் சுற்றும், விரலிடையில் உருட்டுவது போன்ற வித்தைகளுக்கு அதுதான் வசதி என்பது உண்மை. ஆனால் பழகும் நிலையில் அந்த வசதி எனக்கு உபத்திரவமாகத்தான் இருந்தது. தவறாகச் சுழற்றினாலும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். கயிறு கொஞ்சம் எதிர்க்கும், மணிக்கட்டு எங்கே தவறியது என்று அந்த எதிர்ப்பிலேயே தெரியும். அத்தோடு, சங்கிலியில் உள்ளங்கைத் தோல் கடிபடும், கயிற்றில் கிடையாது. மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து தூங்குபவர்கள் இருக்கும் தெருவில் இன்னொரு நன்மையும் உண்டு. கயிறு சத்தம் போடாது.

ஒரு சங்கடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முடிந்து ஒருநாள் அப்படியே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்விட்டேன். செல்போனையே உள்ளே விடாத இடம். பையில் இது இருப்பது வாசலில் சோதனைக்கு நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது. காவலர் எடுத்துப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். பூரிக்கட்டை என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. பயிற்சிக்கட்டை, கராத்தே வகுப்பு என்றேன். உள்ளே விடவில்லை, அது நியாயம்தான். கோபுரத்தை வெளியே நின்று கும்பிட்டுவிட்டு விளக்குத்தூணில் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தேன். இப்போது ஒரு துணிப்பையில் கட்டித் தனியாக வைத்திருக்கிறேன், வகுப்பைத் தவிர எங்கேயும் கொண்டுபோவதில்லை.

இப்போது ஸ்டீல் பரணில் கிடக்கிறது. ஃபோம் இன்னும் பையில் உண்டு, புது அசைவு எதைப் பழகினாலும் முதல் வாரம் அதில்தான். மரச்சங்கிலியைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. முதல் தடவையே யாராவது சொல்லியிருந்தால் 240 ரூபாய் ஃபோமும் 365 ரூபாய் வேம்பும் போதும், 605. நான் செலவழித்தது 1,675, வத்தலுக்கு நஷ்ட ஈடாகக் கொடுத்த அரை முழம் மல்லியைச் சேர்க்காமல்.

போன வாரம் அந்தப் பச்சை பெல்ட் பையன் என் கட்டையை வாங்கி இரண்டு சுற்று சுற்றிவிட்டு, திருப்பித் தர மனமில்லாமல் நின்றான். "அங்கிள், எனக்கும் ஒன்னு?" என்றான். அவனுடைய முன்கையை ஒரு நார்த்துண்டால் அளந்து, உள்ளங்கை நடுவில் முடிச்சுப் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம், மார்க்கெட்டை விட்டு நகர முடியாது. சனிக்கிழமை செல்லூர் போக வேண்டும்.